மதிலுக்கு இருபுறமும்

தோட்டமும் ஆடுகளமும் – பகுதி 17

சென்ற வாரம் நுவரெலியாவின் ஏப்ரல் மாதத்தோடு நிறுத்தினோம். 1875ஆம் ஆண்டில் ஜான் பேக்கர் அங்கே குதிரைப் பந்தயத் திடலை அமைத்ததையும், மறு ஆண்டே ஹில் கிளப் தோன்றியதையும், 1885இல் புகையிரதம் நானுஓயா வரை ஏறி வந்தபின் கொழும்புக் கனவான்களுக்கு மலைப் பிரயாணம் இலகுவாகிவிட்டதையும், 1889இல் கோல்ப் கிளப் பிறந்ததையும் வரிசையாகக் கண்டோம். குதிரையும் கோல்பும் கிரிக்கெட்டும் டென்னிஸும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த அந்த ‘சீசன்’, அப்பெயர் சூட்டப்படாவிட்டாலும், ஒரு பிரதேச விளையாட்டு விழாவாகவே விளங்கிற்று. தீவின் டென்னிஸ் சாம்பியன் பட்டமும் அம்மலை நகரத்திலேயே தீர்மானிக்கப்பட்ட காலம் உண்டு.

அந்தக் களங்களின் ஓரத்தில் நின்றவர்கள் யார் என்பதையும் கண்டோம். கோடு போட்டவர்கள், புல் வெட்டியவர்கள், வலை கட்டியவர்கள், தோட்டத்து வரிசை வீடுகளாகிய லயங்களிலிருந்து வந்து பந்து பொறுக்கிய சிறுவர்கள் ஆகிய எல்லாரும் மலையகத் தமிழராகிய நம்மவர்கள். பந்தை எடுத்துக் கொடுத்த கை மட்டையைப் பிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்ற கேள்வியோடு சென்ற பகுதி முடிந்தது.

அந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடிப் போகிறவன், நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு, வியக்கத்தக்க சுற்றுவழியில், 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆந் தேதி ஜகார்த்தா நகரத்து ஸ்குவாஷ் கூடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

* * *

மதிலில் பந்தடித்து ஆடும் ஆட்டங்களின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரத்தில், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சிறைப்பட்டவர்கள், பொழுதைக் கழிப்பதற்கு வேறு மார்க்கம் இல்லாமையால், சிறை முற்றத்து உயர்ந்த மதிலிலே பந்தை மட்டையால் அடித்து விளையாடத் தொடங்கினார்கள். சிறையிலே பிறந்த அந்த ஆட்டம், பின்னர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த ஹாரோ பள்ளிக்குள் நுழைந்து, அங்கே மிருதுவான பந்தோடு ஸ்குவாஷ் என்னும் புது ரூபம் எடுத்தது. பட்டாளத்து அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் அதைக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் எடுத்துச் சென்றார்கள்.

அமெரிக்காவிலோ, 1950இல் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ சோபெக் என்பவர், குட்டைக் கைப்பிடி மட்டையும் நன்கு துள்ளும் ரப்பர்ப் பந்தும் கொண்டு, கூரையையும் ஆட்டத்தில் சேர்த்து, இன்னொரு மதிலாட்டத்தை உருவாக்கினார். ரக்கெட்பால் என்று பின்னர் பெயர் பெற்ற அவ்வாட்டம், 1995இல் ஆர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டு விழாவிலே முதன்முதலாக இடம் பிடித்தது. மெக்சிகோ தேசத்து பாவோலா லொங்கோரியா 2011, 2015, 2019 ஆகிய மூன்று விழாக்களிலும் மகளிர் ஒற்றையர் தங்கத்தைத் தொடர்ந்து கைப்பற்றி அதற்குப் பெரும் கீர்த்தி சேர்த்தார். அந்தத் தங்கை ஆட்டம் நம் மலைகளுக்கு வரவில்லை. வந்தது மூத்தவளாகிய ஸ்குவாஷ்.

மழை நாளிலும் கூரைக்குக் கீழே ஆடலாம் என்பது ஸ்குவாஷுக்கு உள்ள விசேஷம். தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் வெயில் காணாத ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பிரதேசங்களில், டென்னிஸ் புல்தரை சேறாகிக் கிடக்கும் மாதங்களில், துரைமார்களுக்கு உடற்பயிற்சிக்கு உகந்த ஆட்டம் வேறு எதுவாக இருக்க முடியும்?

ஸ்குவாஷ் கோர்ட்டின் நீளம் 32 அடி. அகலம் 21 அடி. தோட்டத்து லயங்களில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, முதியோரைப் பராமரித்து, உறங்கி எழுந்த காம்பராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் முக்கால் மணி நேரம் வியர்வை சிந்துவதற்காகக் கட்டப்பட்ட ஒரு கோர்ட்டுக்குள், ஐந்து குடும்பங்களின் காம்பராக்களுடைய பரப்பு அடங்கியபிறகும் இடம் மிஞ்சும்.

ஆட்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மனிதன் தன் உடலின் வேகத்தையும் புத்தியின் கூர்மையையும் ஒருங்கே சோதித்துக்கொள்ளக் கண்டுபிடித்த அழகான வழிகளில் அது ஒன்று. ஆனால், மைதானத்தில் ஆடும் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்துக் கற்கலாம். நாலு சுவருக்குள் நடக்கும் ஆட்டத்தை, கதவு திறந்தாலொழிய, கண்ணால் காணவும் இயலாது. தறவளையிலே திக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப்பின் ஆட்டங்களைத் தூரத்து மேட்டிலிருந்து பார்த்துவிட்டு, தென்னை மட்டைக்குப் பதிலாகக் கிடைத்த கட்டையைச் செதுக்கி லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஸ்குவாஷை அப்படிப் பார்த்துப் பழகிய பையன் யாரும் இருந்திருக்க வழியே இல்லை.

* * *

கதவு ஏன் திறக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தோட்டமே ஒரு மூடிய ராஜ்யமாக இருந்தது. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளரின் நிலைமையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் போக வேண்டியிருந்தது. 1931இல் அவர் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோதும் அந்த வேலிகள் அகலவில்லை. ஒரு தொழிற்சங்கத் தலைவனே மாறுவேஷத்தில் நுழைய வேண்டிய இடத்தில், கிளப்பின் கதவு லயத்துப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் என்று எவர் எதிர்பார்ப்பார்? ஹில் கிளப்பில், தேசம் சுதந்திரம் அடைந்து பல ஆண்டுகள் சென்ற பின்பும், இலங்கையரையே அங்கத்தவராகச் சேர்க்காத சம்பிரதாயம் நிலவியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சட்டம். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியாகிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; அதற்கு அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஒரு நாட்டின் பிரஜை அல்லாதவன் அந்த நாட்டின் கொடியைச் சட்டையில் அணிந்து சர்வதேசப் போட்டிக்குப் போக முடியாது. மலையகத்திலே எத்தனையோ கால்கள் வேகமாக ஓடியிருக்கலாம். எத்தனையோ கைகள் குறி தவறாமல் எறிந்திருக்கலாம். அவற்றைப் பதிவு செய்வதற்கு ஒரு தேசத்தின் ஏடு அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

மூன்றாவது, பிரிவு. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்ளப்படும். மனிதர்களை இவ்வாறு வாய்ப்பாடு போட்டுப் பங்கிட்ட உடன்படிக்கைகள் ஆசிய சரித்திரத்திலேயே அரியவை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். பெட்டி கட்டிவைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்று காத்திருக்கும் வீட்டில், பிள்ளையைப் பத்து வருஷம் ஓர் ஆட்டத்தில் பயிற்றுவிப்போம் என்ற எண்ணம் முளைக்குமா?

இந்த மலைகளின் மண்ணிலிருந்து விளையாட்டுலகின் சிகரத்துக்கு ஒருவரும் போகவில்லையா என்று வாசகர் கேட்கலாம். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பேரன் டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் அந்தக் குடும்பம் தோட்டத்தைவிட்டுக் கண்டி நகரத்து வர்த்தகத்துக்குள் வந்துவிட்டது; பேரனுக்குக் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம் கிடைத்தது. அவருடைய அபாரமான மணிக்கட்டு கடவுள் தந்தது. அது சுழலுவதற்கு வேண்டிய திடலைத் தந்தது ஒரு பள்ளிக்கூடம். லயத்திலே தங்கிவிட்டவர்களுக்கு அந்தத் திடல் வாய்க்கவில்லை.

* * *

இனி, கடலின் மறு கரைக்குப் போவோம்.

தென்னிந்தியாவின் ஒரே ஜில்லாவிலிருந்து, ஒரே பஞ்சத்துக்குத் தப்பி, ஒரே விதமான கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புறப்பட்டவர்களில், சிலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். முன்னவர்களைக் கோப்பியும் தேயிலையும் கொண்டன. பின்னவர்களைக் கரும்பும் ரப்பரும் கொண்டன. 1938இல் மலாயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் கூலியாட்கள் போவதை இந்திய அரசாங்கம் அடுத்தடுத்துத் தடுத்து நிறுத்தியது. ஒரு மரத்தின் இரண்டு கிளைகள் இவ்வாறு தாய்மண்ணிலிருந்து ஒரே காலத்தில் அறுபட்டன.

மலாயாத் தமிழரின் வாழ்வு சுகமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். யுத்த காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையிலே பல்லாயிரவர் மாண்டார்கள். 1957இல் சுதந்திரம் வந்தபின்னும், பிரஜாவுரிமை கிட்டாமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்கள் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்தவர்களும் பலர். ஆயினும், ஏழு லட்சம் பேரை ஒரே சட்டத்தால் ஒட்டுமொத்தமாக நாடற்றவர்களாக்கிய காரியம் அங்கே நடக்கவில்லை. நாட்டில் பிறந்த அடுத்த தலைமுறை, குறைகள் பல இருந்தபோதிலும், நாட்டின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

திருப்புமுனை 1998இல் வந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டு விழாவிலும், டிசம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலும் ஸ்குவாஷ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பதக்கம் உண்டு என்றால் அரசாங்கம் பணம் ஒதுக்கும். பணம் ஒதுக்கினால் கிளப்பின் மதிலுக்கு வெளியேயும் கோர்ட்டுகள் எழும். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் தேசிய ஸ்குவாஷ் நிலையம் எழுந்தது. பினாங்கிலே புக்கிட் டும்பார் என்னும் இடத்து ஸ்குவாஷ் நிலையத்தில், இந்திய வம்சாவளித் தகப்பனாருக்கும் சீன வம்சாவளித் தாயாருக்கும் பிறந்த ஒரு சிறுமி தன் அக்காமாருடன் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். நிக்கோல் டேவிட் என்பது அவள் பெயர். பாங்காக் விழாவில் மகளிர் ஒற்றையர் தங்கத்தை அவள் வென்றபோது வயது பதினைந்து.

அதன்பின் நிக்கோல் அம்மையாரின் வாழ்க்கை ஒரு சாம்ராஜ்யத்தின் சரித்திரம் போன்றது. உலகச் சாம்பியன் பட்டம் எட்டு முறை. 2006இலிருந்து 2015 வரை ஏறக்குறைய ஒன்பது வருஷம் இடைவிடாமல் உலகத் தரவரிசையில் முதலிடம். ஆசிய விழாவில் 2002இல் மட்டும் ஹாங்காங்கின் ரெபேக்கா சியூவிடம் தங்கத்தை இழந்து, 2006, 2010, 2014 ஆகிய மூன்று விழாக்களிலும் அதை மீண்டும் தமதாக்கிக்கொண்டார்.

சென்னையிலும் கதவு வேறு விதமாகத் திறந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பழைய கோர்ட்டுகளில் தொடங்கிய ஆட்டத்துக்கு, நேரு பூங்காவில் அமைந்த ஸ்குவாஷ் அகாடமி புதிய வீடாயிற்று. ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் என்ற இரு பெண்மணிகள் அந்நகரத்திலிருந்து எழுந்து, 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விழாவில் இரட்டையர் தங்கம் பெற்றார்கள். காமன்வெல்த் விழாக்களில் இந்தியாவுக்கு ஸ்குவாஷில் கிடைத்த முதல் தங்கம் அது.

* * *

ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா, 2018.

மகளிர் ஒற்றையர் அரையிறுதிக்கு வந்த நால்வரைப் பாருங்கள். பினாங்கின் நிக்கோல் டேவிட். சென்னையின் தீபிகா பள்ளிக்கல். சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா. கெடா மாநிலத்தின் சிவசங்கரி சுப்பிரமணியம். ஆசியாக் கண்டம் முழுவதிலிருந்தும் வந்த வீராங்கனைகளில் கடைசி நால்வருக்கும், பிறப்பாலோ ஊராலோ, வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலுள்ள நம் உலகத்தோடு ஒரு சம்பந்தம் இருந்தது. மூன்றாவது கரையாகிய இலங்கையின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

தீபிகாவை நிக்கோல் நேராக மூன்று ஆட்டங்களில் வென்றார். அதில் வியப்பு இல்லை. மற்றை அரையிறுதியில்தான் எதிர்பாராதது நிகழ்ந்தது. அனுபவத்திலும் தரவரிசையிலும் மிக மூத்தவரான ஜோஷ்னாவை, பத்தொன்பது வயதுச் சிவசங்கரி நான்கு ஆட்டங்களில் வீழ்த்திவிட்டார்.

ஆக, இறுதிப் போட்டி இரண்டு மலேசியப் பெண்களுக்கு இடையே. அதுவும் ஒரே தேசத்து அணியின் மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே.

ஆகஸ்ட் 26 நிக்கோல் டேவிட்டின் பிறந்த நாள். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. எதிரே நின்ற பெண் பிறந்தது 1999 ஜனவரி 24. அதாவது, பாங்காக்கில் பதினைந்து வயது நிக்கோல் தன் முதல் ஆசியத் தங்கத்தைக் கழுத்தில் அணிந்துகொண்ட நேரத்தில் சிவசங்கரி இன்னும் தாயின் வயிற்றில் இருந்தார். அந்த வெற்றிக்கு ஒரு மாதத்துக்குப் பிறகுதான் உலகத்தைக் கண்டார். இருபது ஆண்டுக் காலம் ஒரு தேசம் ஓர் ஆட்டத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தால் என்ன விளையும் என்பதற்கு, அந்தக் கோர்ட்டின் இரு பக்கமும் நின்ற அவ்விருவரைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

ஸ்குவாஷ் பழகாத வாசகருக்காக ஒரு வார்த்தை. முதலில் பதினொரு புள்ளி எடுப்பவர் ஓர் ஆட்டத்தை வெல்வார். பத்துக்குப் பத்து என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஐந்து ஆட்டங்களில் மூன்றை எடுத்தவருக்குப் போட்டி. டென்னிஸைப் போல இங்கே எதிராளி வலைக்கு அப்பால் இல்லை. உங்கள் மூச்சு அவருக்குக் கேட்கும் தூரத்தில், அதே தரையில், அதே மூலைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். கோர்ட்டின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டவர் ஆள்வார். மூலைக்குத் தள்ளப்பட்டவர் ஓடி மாய்வார்.

முதல் ஆட்டம் பத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிற்று. 13–11. சிவசங்கரிக்கு.

இரண்டாவது ஆட்டத்தில் மூத்தவர் நிதானித்தார். 11–9. நிக்கோலுக்கு.

மூன்றாவது ஆட்டம் ஏறக்குறைய ஒருதலையாகவே நடந்தது. 11–5. சிவசங்கரிக்கு.

இவ்விடத்தில் சற்று நிற்போம். ஓர் ஆட்டம், இன்னும் ஒரே ஓர் ஆட்டம், அந்தப் பெண் எடுத்துவிட்டால், ஆசிய ஸ்குவாஷில் இருபது வருஷ ஆட்சி ஒரு பிறந்த நாளிலே கவிழும். மூன்றாம் ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்த எவரும் மூத்தவரின் கால்கள் ஓய்ந்தன என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஸ்குவாஷில் முப்பத்தைந்து வயது என்பது முதுமை. நீண்ட போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் இளையவருக்குச் சாதகமாகவே சாயும் என்பது அவ்வாட்டத்தின் பொது விதி.

விதி அன்றைக்குச் செல்லவில்லை. நான்காவது ஆட்டம் 11–6. நிக்கோலுக்கு.

இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம்.

முன்னே இருந்தவர் பின்தங்குவதும் பின்தங்கியவர் எட்டிப் பிடிப்பதுமாக நாலு ஆட்டம் ஆடித் தீர்த்தபின், உடலில் இருந்ததெல்லாம் செலவாகிவிட்ட நிலையில், ஐந்தாவது ஆட்டத்தைத் தீர்மானிப்பது எது? என் அபிப்பிராயத்தில், அந்த இடத்தில் முன்பு நின்ற பழக்கம்தான் தீர்மானிக்கிறது. எத்தனையோ இறுதிப் போட்டிகளின் கடைசிப் புள்ளிகளைக் கண்ட நிக்கோலுக்கு அந்த இடம் சொந்த ஊர். சிவசங்கரிக்கு அது முதல் பிரவேசம். 11–8 என்று நிக்கோல் டேவிட் முடித்தார். ஆசிய விழா ஒற்றையரில் ஐந்தாவது தங்கம். மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

ஐந்து நாள் கழித்து, குழு அரையிறுதியில் அதே நிக்கோலை ஜோஷ்னா சின்னப்பா ஐந்து ஆட்டங்கள் நீண்ட போட்டியில் வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார் என்பதும், இறுதியில் ஹாங்காங் தங்கத்தை எடுத்தது என்பதும் தனிக் கதைகள்.

* * *

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், கறுப்பு ஆடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் கூடிய மலையக இளைஞர்களும் யுவதிகளும், தோட்டத்திலுள்ள தங்கள் தாய் தகப்பனாருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டார்கள். அப்போது அது 500 ரூபாய். ஜகார்த்தாவின் நால்வரும் அன்றுவரை செலவிட்ட மாலை நேரங்களை எண்ணிப் பார்க்கிறேன். பள்ளி விட்டதும் கோர்ட்டுக்கு, கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு. நம் லயத்துப் பெண் பிள்ளையின் மாலையோ, கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதற்கு முன் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்து, அடுப்பு மூட்டுவதிலே கழிகிறது. அவளுடைய காலில் வேகம் குறைவென்றோ கையில் சாதுரியம் குறைவென்றோ எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். சரிவான மலையில், ஈரத் தரையில், முதுகில் கூடை சுமந்து ஏறி இறங்கும் தாய்மாரின் மகள் அவள்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றோர் என்ற நிலை ஒழிந்தது. ஏடு கிடைத்துவிட்டது. களமும் பயிற்றுநரும் மாலை நேரமும் இனிமேல்தான் கிடைக்க வேண்டும். 1998இல் மலேசியா செய்ததை, அதாவது கிளப்பின் மதிலுக்கு வெளியே பொதுவான கோர்ட்டுகளை எழுப்பிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்ததை, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ செய்வதற்குப் பெரிய மந்திரம் எதுவும் வேண்டாம். மழைக்குக் கூரையும் நாலு சுவரும் நல்ல தரையும் போதும். அந்த முயற்சிக்குரிய பொறுப்பாளர்களைப் பற்றி வரும் பகுதிகளில் விரிவாகவே எழுத உத்தேசம்.

* * *

சிவசங்கரியின் கதைக்குத் திரும்புவோம்.

வெள்ளிப் பதக்கத்தோடு ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய அவர், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆட்டத்தையும் விடாமல் தொடர்ந்தார். நிக்கோல் ஓய்வு பெற்றுவிட்டபடியால், மலேசியாவின் அடுத்த ராணி இவரே என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2022 ஜூலை இறுதியில் பர்மிங்ஹாமில் காமன்வெல்த் விழா. சீனாவின் ஹாங்சோ நகரில் நடக்கவிருந்த ஆசிய விழாவோ கொரோனா நோயின் நிமித்தம் 2023க்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. நாலாண்டுக்கு முன் மூன்று புள்ளி வித்தியாசத்தில் கைநழுவிய தங்கத்தைத் திரும்பச் சந்திக்க ஓராண்டுக்குமேல் அவகாசம் இருந்தது.

2022 ஜூன் மாத இறுதியில், பர்மிங்ஹாம் விழாவுக்குச் சுமார் ஒரு மாதமே இருந்த சமயத்தில், கோலாலம்பூர் அருகே நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. மண்டையோட்டிலும் முகத்திலும் எலும்பு முறிவு. கழுத்து முள்ளெலும்பிலும் முறிவு. ஸ்குவாஷ் ஆடுகிறவர், பின்னாலிருந்து வரும் பந்தைப் பார்க்க, ஒரு போட்டியில் நூற்றுக்கணக்கான தடவை கழுத்தைத் திருப்ப வேண்டியவர்.

காமன்வெல்த் விழா போயிற்று. ஹாங்சோவுக்குப் பதினைந்து மாதம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தை அசைக்காமல் கிடந்த இருபத்துமூன்று வயதுப் பெண், அந்தப் பதினைந்து மாதத்துக்குள் எழுந்து நடந்து, மட்டையைத் தொட்டு, கோர்ட்டின் நடுப்புள்ளிக்குத் திரும்பி வர முடியுமா?

(அடுத்த வாரம் தொடரும்)